எட்டுக்கு எட்டு

எங்கள் வீட்டில் சிங்கப்பூர்ப் பெட்டி திறப்பது ஒரு சடங்கு. அக்கா அங்கே போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தடவை வரும்போதும் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துத்தான் திறக்க வேண்டும். தெருவிலிருந்து நாலு பேராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு கோடாலித் தைலம், பிள்ளைகளுக்கு சாக்லேட், என் வீட்டுக்காரருக்கு ஒரு டார்ச் லைட். வீட்டில் ஏற்கெனவே ஆறு டார்ச் லைட் இருக்கிறது.

2023 சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் இருந்தது. பழுப்புத் தாள், அதன் மேல் சிவப்பில் சீன எழுத்து. பிரித்தால் மரத்தைச் சீவி எடுத்த மாதிரி வெளிர் மஞ்சள் சீவல்கள். ஓமத்தையும் கருப்பட்டியையும் ஒன்றாக வைத்துப் பூட்டிய அலமாரியைத் திறந்தது போல வாசனை.

“இதுக்குப் பேரு டாங் குய். ஒரு வேருடி. பெண்களுக்கு ரொம்ப நல்லது. பிள்ளை பெத்தா, ரத்தம் குறைஞ்சா, தேதி தப்பிப்போனா எல்லாத்துக்கும் அங்க சீனக்காரம்மாக்கள் இதைத்தான் கோழி சூப்புல போடுறாங்க. கீமோ போட்டு நீ வெளுத்துப் போய்ட்டியே, அதான் வாங்கிட்டு வந்தேன்.”

அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சீன மருத்துவத்தில் அந்த வேருக்கு அப்படித்தான் பெயர். ஆனால் “பெண்களுக்கு நல்லது” என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு மணி அடித்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்துக்குப் போக வேண்டும்.

மார்பகப் புற்றுக் கட்டியைக் கண்டுபிடித்த கதையை எழுதப் போவதில்லை. எல்லார் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, வலி இல்லை, வலி இல்லாததால் மூன்று மாதம் சும்மா இருந்தேன். 2021 கடைசியில் ஆபரேஷன், இடது பக்கம். அப்புறம் கீமோ, அப்புறம் ரேடியேஷன் 15 நாள். மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அதுவரை மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும் எழுதுகிறேன். மீதி நேரத்தில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவேன். பத்து வயதில் பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பாட்டி கற்றுக்கொடுத்த வேலை அது. முடிச்சுக் கூலி இன்றைக்கு யாருக்கும் கட்டாது. ஆனால் கை சும்மா இருக்காது.

ஆபரேஷன் முடிந்து வந்த ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தில் மூன்று வரி. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டார் பாசிடிவ், 8/8. புரோஜெஸ்டிரோன் ரிசப்டார் பாசிடிவ், 6/8. ஹெர்-2 என்ற வேறொரு புரதம், 1+, அதாவது நெகடிவ் என்றே கணக்கு.

என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எண்ணைப் பார்த்தால் விடமாட்டார். டாக்டரம்மாவிடம், “எட்டுக்கு எட்டு போட்டிருக்கே மேடம், சென்டமா?” என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார். “சென்டம்தான் சார். இந்தப் பரீட்சையில நல்ல மார்க்தான். மாத்திரைக்குக் கேட்கிற கட்டி இது.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர், “நம்ம குடும்பத்துல முதல் சென்டம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த எட்டு என்ன என்று தெரியாமல் தூக்கம்தான் வரவில்லை.

தெரியவைத்தது எங்கள் தெருப் பெண் ஒருத்தி. ஒரு லேபில் டெக்னீஷியன், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். இன்னொரு டாக்டரிடம் காட்டுவதற்காக என் சிலைடுகளையும் மெழுகுக் கட்டியையும் வாங்கி வைத்திருந்தோம். தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள்தான் என்னிலிருந்து வெட்டி எடுத்தது இருக்கிறது என்றால் நம்ப முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கெஞ்சி, லேபில் கூட்டமில்லாத நேரத்தில் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

சாயப் பட்டறையை எட்டிப் பார்த்தது போல இருந்தது. கண் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு செல்லின் நடுக்கரு. இடையிடையே ஊதா கலந்த நீலத்தில் வேறு புள்ளிகள். “பெரியம்மா, நீலமா இருக்கிறது எல்லாத்துலயும் ஏறுற சாயம். பழுப்பு மட்டும் ரிசப்டார் இருக்கிற செல்லுல ஏறும்” என்றாள். ரிசப்டாரைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு எதிர்ப்புரதத்தை முதலில் ஊற்றுவார்களாம். அது ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் பிடிக்கும். நூற்றுக்கு எத்தனை செல் பழுப்பாகியிருக்கிறது என்பதற்கு 5 மார்க், எவ்வளவு அடர்த்தியாக என்பதற்கு 3 மார்க். இரண்டையும் கூட்டினால் 8. நூற்றில் ஒரு செல் பழுப்பாக இருந்தாலே பாசிடிவ் என்று எழுதிவிடுவார்கள். எனக்குக் கிட்டத்தட்ட எல்லாமே பழுப்பு.

அந்த நீலச் சாயத்தின் பெயர் ஹீமடாக்ஸிலின். நடு அமெரிக்கப் பக்கத்து மரம் ஒன்றின் கட்டையிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் துணிக்குப் போட்ட சாயமே இதுதான். இதைக் கேட்டதும் எனக்கு அந்த லேப் சட்டென்று சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

அவள் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும். கட்டியை வெட்டி எடுத்ததும் தாமதிக்காமல், கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் அதில் ஊற வேண்டும். அது தவறினால் ரிசப்டார் இருந்தும் சாயம் ஏறாமல் போகலாம். பாசிடிவ் ஆளுக்கு நெகடிவ் என்று வந்துவிடும், மாத்திரையே கிடைக்காமல் போய்விடும். துணியை ஒழுங்காக அலசாமல் தொட்டியில் போட்டுவிட்டுச் சாயம் சரியில்லை என்று சண்டை போடும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் இது உடனே புரிந்தது.

சரி, ரிசப்டார் என்றால் என்ன? தமிழில் ஏற்பி என்று எழுதுகிறார்கள். செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தத்தில் வந்து அதில் உட்கார்ந்தால், “வளரு, பிரிஞ்சு பெருகு” என்று செல்லுக்குச் சேதி போகும். நல்ல செல்லில் அது மாதக் கணக்குக்கு ஏற்ப அடங்கி நடக்கும். புற்றில் அடங்காது. என் கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்ந்த கட்டி. அந்த 8/8-க்கு இதுதான் அர்த்தம்.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்குப் பிடித்தது மாட்டுக் கதை. ஜார்ஜ் பீட்சன் என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து டாக்டர். கன்று போட்ட பசுவுக்குக் கருப்பையின் பக்கத்துச் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் நீடிக்கும் என்று மாடு வளர்ப்பவர்கள் சில ஊர்களில் செய்வது அவர் காதுக்கு வந்தது. சினைப்பைக்கும் மடிக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. மார்பகப் புற்று முற்றிப்போன பெண்களுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்தார், கட்டி சுருங்கியது. 1896-இல் அதை எழுதினார். அப்போது ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கவில்லை, அது 1905-இல்தான் வந்தது. ஏன் சிலருக்கு மட்டும் சுருங்குகிறது, சிலருக்கு ஏன் அசையவே இல்லை என்பதற்கு விடை கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளம் வைத்த ஈஸ்ட்ரோஜனை எலிக்குக் கொடுத்து, அது எங்கே போய்த் தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். அது கருப்பைச் செல்லில் போய்ப் பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடித்துக்கொண்ட கைதான் ரிசப்டார்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். இரண்டு வகை உண்டு, இரண்டையும் என் தொழில் பாஷையில்தான் எனக்குச் சொல்லத் தெரியும். சுங்குடியில் துணியைச் சிட்டிகை அளவு தூக்கி நூலால் இறுக்கிக் கட்டுவோம். சாயத்தில் முக்கினாலும் கட்டிய இடத்தில் சாயம் இறங்காது. பிரித்தால் வெள்ளைப் புள்ளி. தமாக்ஸிஃபென் அந்த மாதிரி முடிச்சு. ரிசப்டாரில் தான் போய் உட்கார்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனை அண்டவிடாது. 1960-களில் கருத்தடை மாத்திரையாக்கலாம் என்று செய்து, அதற்கு லாயக்கில்லை என்று ஆன மருந்து அது. இன்றைக்கு எத்தனையோ பெண்களின் உயிர் அதில் நிற்கிறது.

எனக்குக் கொடுத்தது லெட்ரோஸோல், 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று. இது முடிச்சுப் போடாது, சாயத் தொட்டியையே காலி செய்யும். மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஊறிக்கொண்டுதான் இருக்கும். கொழுப்பில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி வேறு ஹார்மோனை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். லெட்ரோஸோல் அந்த நொதியைக் கட்டிப்போடும். தொட்டியில் சாயம் அடியோடு வற்றிவிடும்.

அப்படி மாதாமாதம் பாடுபட்டு வற்றவைத்த தொட்டியில், யாரோ அன்போடு வந்து “இந்தா, நல்ல சாயம்” என்று ஒரு கை அள்ளிப் போட்டால்? பொட்டலத்தைப் பார்த்ததும் மணி அடித்தது இதனால்தான். பெண்களுக்கு நல்லது என்று பேர் எடுத்த வேர், கிழங்கு, லேகியம் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஜாடையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருள் இருக்கிறது. சில சமயம் அந்த நல்ல பேருக்குக் காரணமே அதுதான். மற்ற பெண்களுக்கு நல்லதாக இருக்கட்டும். 8/8 வாங்கினவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்க வேண்டும்.

டாங் குய்யைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். படித்தேன் என்றால் என் மகன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துச் சொன்னான், நான் குறுக்குக் கேள்வி கேட்டேன். எம்சிஎஃப்-7 என்று ஒரு செல் வம்சம் இருக்கிறது. 1970-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மார்பகப் புற்று வந்த ஒரு கன்னியாஸ்திரியின் உடம்பிலிருந்து எடுத்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய செல்கள் இன்றைக்கும் உலகமெங்கும் லேபுகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவையும் என் கட்டி மாதிரி ஈஸ்ட்ரோஜன் ரிசப்டார் பாசிடிவ். டாங் குய்ச் சாற்றை ஊற்றினால் அந்தச் செல்கள் வளர்கின்றன என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதே சமயம் 1997-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், மாதவிலக்கு நின்ற 71 பெண்களில் ஒரு பாதிக்கு 24 வாரம் இந்த வேரையும் மறுபாதிக்குச் சும்மா ஒரு மாத்திரையையும் கொடுத்தார்கள். கருப்பையின் உள்பூச்சில் ஈஸ்ட்ரோஜன் வேலை எதையும் காணோம். உடம்பு சூடு ஏறி வியர்ப்பதும் குறையவில்லை. கண்ணாடித் தட்டில் ஒன்று, மனுஷியின் உடம்பில் இன்னொன்று. அந்த 71 பேரும் புற்று வந்தவர்கள் அல்ல, லெட்ரோஸோல் சாப்பிடுகிறவர்களும் அல்ல. ஆக, எனக்கு இந்த வேரால் கிடைக்கப்போவது கோழி சூப்பில் ஒரு வாசனை. போகக்கூடியது என்னவென்று யோசித்தேன். பொட்டலத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம். “இங்கிலீஷ் மருந்துக்காரங்க சொல்றதைத்தான் நம்புவியா?” என்றாள். நான் சண்டை போடவில்லை. “நீ வாங்கின கடையிலேயே கேளு. எனக்கு இன்ன நோவு, இன்ன மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லிக் கேளு” என்றேன்.

திரும்பிப் போனதும் கேட்டாள். சிங்கப்பூரில் சீன வைத்தியர்களுக்குச் சட்டப்படி பதிவு உண்டு, கண்ட ஆளும் நாடி பார்க்க முடியாது. சின்சே என்று கூப்பிடுகிறார்கள். வயதான சின்சே ஒருவரிடம் அக்கா என் ரிப்போர்ட்டைப் போனில் காட்டியிருக்கிறாள். அவர் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டாரைக் குறிக்கும் ஈஆர் என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் கையை ஆட்டி, “இவருக்கு டாங் குய் வேண்டாம். புற்று டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதே” என்றாராம். அக்கா முதலில் வாங்கியது அவரிடம் அல்ல. கடை முன்பக்கத்தில் எடைபோட்டு விற்கும் பையனிடம், தங்கச்சிக்கு ரத்தம் கம்மி என்று மட்டும் சொல்லி வாங்கியிருக்கிறாள். சீன வைத்தியத்தின் மேல் தப்பில்லை. பாதிக் கதையைச் சொல்லி மருந்து வாங்கினால் எந்த வைத்தியமும் அப்படித்தான் ஆகும்.

அந்தச் சின்சே இன்னொன்றும் சொன்னாராம். பழைய சீன நூல்களில் இந்த நோய்க்கு ரூ யான் என்று பெயர், முலையில் பாறை. துக்கத்தையும் கோபத்தையும் விழுங்கிக்கொண்டே இருந்தால் கல்லீரல் பக்கத்து ஓட்டம் அடைபட்டுக் கட்டியாகத் திரளும் என்பது அவர்கள் கணக்கு. நாக்கைப் பார்த்து, நாடியைப் பிடித்து, இவருக்கு இன்ன வகை என்று பிரிப்பார்கள். நம்மூர் வாத பித்த கபம் மாதிரி. சீனத்து ஆஸ்பத்திரிகளில் இந்த நாடிக் கணக்கையும் ரிசப்டார் கணக்கையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலையும் நடக்கிறது. கோபத்தை விழுங்கினால் கட்டி வரும் என்றால் எங்கள் தெருவில் ஒரு பெண்ணும் மிஞ்சமாட்டாள் என்று நான் அக்காவிடம் சொன்னேன். போனில் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

சீனத்தைச் சொல்லிவிட்டு நம்மூரை விட்டுவிட்டால் நியாயமில்லை. என் ஓரகத்தி கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் வாங்கிவந்தாள். அதே வாசகம்: பெண்களுக்கு நல்லது. அதே கேள்வி, அதே பீரோ. அதிமதுரம் இன்னொன்று. சீனத்திலும் அதற்குப் பெயர் இனிப்புப் புல்தானாம், அவர்களுடைய கஷாயங்களில் பாதிக்கு மேல் அது இருக்கும் என்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஜாடை ஒரு பக்கம் இருக்கட்டும், நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். தொண்டை கட்டினால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கண்டு பயப்படவும் கூடாது. சோயாவைத் தொடாதே என்று பலர் மிரட்டினார்கள். ஷாங்காயில் மார்பகப் புற்று வந்த 5,042 பெண்களைப் பின்தொடர்ந்து 2009-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. சோயா உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் சாவும் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அது அவர்கள் தினசரிச் சாப்பாட்டில் இருக்கும் சோயா, டப்பாவில் வரும் சத்து மாத்திரை அல்ல. மஞ்சளும் இதே கதை. நெதர்லாந்தில் தமாக்ஸிஃபென் சாப்பிடும் சிலருக்கு மஞ்சள் சாரத்தையும் மிளகுச் சாரத்தையும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் மருந்தின் வேலை செய்யும் பகுதி நூற்றுக்குப் பன்னிரண்டு போலக் குறைந்தது. ராத்திரி ஒரு டம்ளர் மஞ்சள் மிளகுப் பாலுக்கும் அந்த மாத்திரைக்கும் மலைக்கும் மடுவுக்கும் தூரம். குழம்பு குழம்பாகவே இருக்கட்டும், அதைக் குப்பியில் அடைக்கும்போதுதான் கேள்வி கேட்க வேண்டும்.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகைக்குப் பதில், பேர் ஒத்துப்போன இன்னொன்று கலந்துவிட்டது. அந்த இன்னொன்று நம்மூர்க் கரிசல் காட்டு ஓரத்தில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையின் இனம். நம் பாட்டன் பூட்டன் அதற்குப் பேர் வைக்கும்போதே எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி என் கைக்கு வருகிறேன். லெட்ரோஸோல் ஆரம்பித்து நாலாவது மாதத்திலிருந்து காலையில் எழுந்தால் விரல் மடங்காது. சீப்பு பிடிக்க முடியாது, பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது. அரை மணி நேரம் வெந்நீரில் வைத்தால்தான் கை என் கையாக ஆகும். வலது கட்டை விரல் மடக்கினால் மாட்டிக்கொண்டு ‘டக்’கென்று விடும். ஈஸ்ட்ரோஜன் வற்றினால் மூட்டு இப்படிக் கேள்வி கேட்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. பலர் வலி தாங்காமல் சொல்லாமல்கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நான் ஒரு நாளைக்கு இருபது போட முடியாமல் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மார்பை எடுத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அப்போதுதான் யாரோ அக்குபங்சர் என்றார்கள். முதலில் போன இடத்தில் ஊசியே இல்லை. மணிக்கட்டில் ஒரு விரலை வைத்துவிட்டு, “உடம்பில் கழிவு தேங்கிவிட்டது. மாத்திரையை எல்லாம் நிறுத்துங்கள், உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்” என்றார். நம் பக்கம் இப்போது இந்தப் பேச்சு ஊருக்கு ஊர் பரவியிருக்கிறது. எந்த மாத்திரை, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. என் பையில் ரிப்போர்ட் இருந்தது, எட்டுக்கு எட்டு. அதை எடுக்கவே இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாத்திரையை நிறுத்துங்கள் என்ற ஒரு சொல்லுக்காகவே ஒரு இடத்தை விட்டு எழுந்து வரலாம் என்பது என் தீர்மானம்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தால், “ஊசி போடுற அக்குபங்சர்னா போங்கம்மா, இந்த வலிக்கு அதுல ஆதாரம் இருக்கு” என்றார். 2018-இல் அமெரிக்காவில் இதே வகை மாத்திரை சாப்பிட்டு மூட்டுவலி வந்த 226 பெண்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு நிஜ ஊசி, ஒரு கூட்டத்துக்குச் சரியான இடமில்லாத இடத்தில் மேலாகக் குத்தும் பொய் ஊசி, ஒரு கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஆறு வாரத்தில் நிஜ ஊசிக்காரர்களுக்குப் பத்துக்குக் கணக்கிடும் வலியில் இரண்டு மார்க் போலக் குறைந்தது. மற்ற இரண்டு கூட்டத்துக்கும் ஒன்று. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஊசி ரிசப்டார் பக்கம் போகாது, மாத்திரையோடு மோதாது. எனக்கு அந்த ஒன்று போதும்.

எம்.பி.பி.எஸ். படித்து அக்குபங்சரும் படித்த ஒருவரிடம் போனேன். வாரம் இரண்டு தடவை, ஆறு வாரம். ஆபரேஷனில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்த இடது பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்று அவரே சொன்னார், அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மயிரிழை மாதிரி ஊசி. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி, அப்புறம் உள்ளே ஒரு கனம் பரவும். பக்கத்துக் கட்டிலில் முதுகு வலிக்கு வந்த ஒரு லாரி டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

பத்துக்கு ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்த வலி, நாலு ஐந்துக்கு இறங்கியது. ஊசியா, காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி மூன்று சுற்று நடக்க ஆரம்பித்ததா, இல்லை குறட்டை கேட்டபடி அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்துக்கிடந்ததா, பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. லெட்ரோஸோலை ஒரு நாளும் விடவில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரை தனி. எலும்பு ஸ்கேன் எடுத்து ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, அது வேறு கதை.

இப்போது காலையில் நாற்பது முடிச்சு போடுகிறேன். முன்பு போட்டதில் கால்வாசிகூட இல்லை. கட்டை விரல் இன்னும் ‘டக்’கென்று சொல்லும்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். தை மாதம் வருகிறாளாம், என்ன வாங்கிவரட்டும் என்று கேட்டாள். கேட்ட குரலிலேயே ஒரு தயக்கம் இருந்தது.

“கோடாலித் தைலம் ரெண்டு கூடுதலா கொண்டு வா” என்றேன். “விரலுக்குத் தேய்க்கத்தான். குடிக்க ஒண்ணும் வேண்டாம்.”

“டார்ச் லைட்?” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டினார், கொண்டு வரச் சொல்லி.